நாள் குறித்தல்: வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தின் இளவேனிற் கொண்டாட்டங்களும் மாணவர் வாழ்வும் (1825–2021)

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மாநிலப் பல்கலைக்கழகங்களில் கல்வியாண்டு கோடையின் இறுதியில் தொடங்குகிறது. எனினும் பழைய மாணவர்களின் நினைவுக் குறிப்புகளும் ஆண்டு மலர்களும் பெரிதும் பேசுவது இளவேனிலைப் பற்றியே. மார்ச் முதல் மே வரையிலான மூன்று மாதங்களில் நடனங்கள், நிறுவனர் நாள், தோட்டக் காட்சி, குதிரைப் பந்தயம், பட்டமளிப்பு ஊர்வலம் என நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து வருகின்றன. இவற்றை வெறும் கேளிக்கை என ஒதுக்கிவிடும் போக்கு கல்வி வரலாற்று எழுத்தில் உண்டு. ஆனால் ஒரு நிறுவனம் எந்த நாளைக் கொண்டாட்டத்துக்கு உரியதாகக் குறித்தது, அந்நாளில் யார் விருந்தினராக வந்தனர், யார் பந்தி பரிமாறினர், யாருக்கு வாயில் அடைக்கப்பட்டிருந்தது என்று கேட்கத் தொடங்கினால் அக்கேளிக்கைகளே முதன்மைச் சான்றுகளாகிவிடுகின்றன. வர்ஜீனியா மாநிலத்தின் சார்லட்ஸ்வில் நகரிலுள்ள வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தை முன்வைத்து இக்கட்டுரை அக்கேள்விகளை ஆராய்கிறது.

அப்பல்கலைக்கழகத்தின் இளவேனிலில் இரு நாள்கள் ஒன்றையொன்று எதிர்நோக்கி நிற்கின்றன. ஒன்று ஏப்ரல் 13, நிறுவனர் தாமஸ் ஜெபர்சன் பிறந்த நாள். மற்றொன்று மார்ச் 3, 1865ஆம் ஆண்டு ஒன்றியப் படைகள் நகருக்குள் நுழைந்து அங்கிருந்த அடிமை மக்களுக்கு விடுதலையின் வழி திறந்த நாள். இரண்டுக்கும் இடையே ஆறு வாரம்கூட இல்லை. முதல் நாள் நெடுங்காலமாக விழாவாக இருந்துவருகிறது. இரண்டாவது நாள் நகரின் நாட்காட்டியில் இடம்பெற ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. இவ்விரு நாள்களுக்கு இடைப்பட்ட தொலைவே இக்கட்டுரையின் பொருள்.

இளவேனிலில் திறந்த கல்விக்கூடம்

1819 ஜனவரியில் மாநிலச் சட்டமன்றத்தின் ஒப்புதல் பெற்ற இப்பல்கலைக்கழகம் 1825 மார்ச் 7 அன்று வகுப்புகளைத் தொடங்கியது. முதல் ஆண்டில் சேர்ந்த மாணவர் 123 பேர். ஜெபர்சன் வகுத்த தொடக்ககாலத் திட்டத்தின்படி கல்வியாண்டு பிப்ரவரி முதல் நாள் தொடங்கி டிசம்பர் நடுவில் முடியும். விடுமுறை குளிர்காலத்தில் மட்டுமே. ஆகவே அந்நாள் மாணவருக்கு இளவேனில் வருகையின் பருவமாக இருந்தது. பின்னாளில் பெருங்கவிஞராகப் போற்றப்பட்ட எட்கர் ஆலன் போ 1826 பிப்ரவரியில் வந்து சேர்ந்ததும் இம்முறையின்படியே. அவர் அங்கு ஓராண்டுகூட நிலைக்கவில்லை.

வளாகத்தின் அமைப்பு தெரிந்தாலன்றிப் பின்வரும் செய்திகள் விளங்கா. நடுவே ‘லான்’ எனப்படும் நீண்ட பெரும்புல்வெளி. அதன் வடமுனையில் ரோமாபுரியின் பாந்தியன் கோயிலை மாதிரியாகக் கொண்டு எழுப்பப்பட்ட ரோட்டண்டா என்னும் வட்டக் கட்டடம்; அதுவே அன்றைய நூலகம். புல்வெளியின் இருமருங்கிலும் ‘பெவிலியன்’ என்னும் பேராசிரியர் இல்லங்கள் பத்து. அவற்றுக்கு இடையிடையே மாணவர் அறைகள் 54. பேராசிரியர் மாடியில் குடியிருந்து கீழ்த்தளத்தில் பாடம் நடத்துவார். இல்லங்களின் பின்புறம் பாம்பு நெளிவது போல வளைந்து செல்லும் செங்கற்சுவர்களுக்குள் தோட்டங்கள். அவற்றுக்கு அப்பால் வெளிவரிசை அறைகளும் மாணவருக்கு உணவளித்த ஆறு ‘ஹோட்டல்’களும் இருந்தன. ‘கல்விச் சிற்றூர்’ என்று ஜெபர்சன் இதனைக் கருதினார்.

அச்சிற்றூரின் உழைப்பாளர்கள் ஜெபர்சனின் வரைபடங்களில் தென்படுவதில்லை. மாணவர் எவரும் வளாகத்துள் பணியாளையோ குதிரையையோ நாயையோ வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஆட்சிக்குழு விதி வகுத்தது. மனிதரையும் விலங்கையும் ஒரே வரியில் வைத்த அவ்விதி அடிமைமுறையைத் தடுக்கவில்லை. மாணவர் தம் சொந்த அடிமைகளை உடன் கொண்டுவருவதை மட்டுமே தடுத்தது. பேராசிரியர்களும் ஹோட்டல் நடத்துவோரும் தத்தம் அடிமைகளை வைத்திருந்தனர். பல்கலைக்கழகமும் ஆட்களை வாடகைக்கு அமர்த்திற்று. 1817இல் நிலம் சமன்செய்யத் தொடங்கியது முதல் 1865இல் விடுதலை வரும்வரை ஏறத்தாழ 4,000 அடிமைப்படுத்தப்பட்ட மக்கள் அங்கு உழைத்திருக்கலாம் என்பது பல்கலைக்கழகமே ஏற்றுக்கொண்டுள்ள மதிப்பீடு. செங்கல் அறுத்தல், மரம் இழைத்தல், விறகு சுமத்தல், நீர் கொணர்தல், சமையல், சலவை, மாணவர் அறையைக் கூட்டுதல், காலணி துடைத்தல் என அனைத்தும் அவர்கள் கையால் நடந்தன. அவர்களை மாணவர் அடித்த நிகழ்ச்சிகள் ஆசிரியர் அவையின் குறிப்பேடுகளில் பதிவாகியுள்ளன.

தொடக்ககால மாணவர் பெரும்பாலும் தோட்ட உடைமையாளரின் மைந்தர். ஆணையிட்டுப் பழகியவர்கள், ஆணைக்கு அடங்கிப் பழகாதவர்கள். 1825 அக்டோபரில் முகமூடி அணிந்து கலகம் செய்தனர். அதை விசாரிக்கக் கூடிய அவையில் 82 வயதான ஜெபர்சன் எழுந்து, துயரம் மேலிட்டுப் பேச முடியாமல் அமர்ந்தார் என்பது பலரும் எடுத்துரைக்கும் செய்தி. 1840 நவம்பரில் சட்டப் பேராசிரியர் ஜான் டேவிஸ் முகமூடி அணிந்த மாணவர் ஒருவரால் தம் இல்லத்தின் முன்பே சுடப்பட்டு இறந்தார். அதன் பின்னரே, 1842இல், தேர்வில் பிறர் உதவி பெறவில்லை என்று மாணவரே கையொப்பமிடும் நன்மதிப்பு முறை நடைமுறைக்கு வந்தது. இன்றும் அப்பல்கலைக்கழகத்தின் பெருமையாகக் கூறப்படும் மரபு அது. பேராசிரியரின் கொலை அதன் முன்கதை என்பது வழிகாட்டி ஏடுகளில் அவ்வளவு உரக்கக் கூறப்படுவதில்லை.

மணியடித்தவர்

மாணவரின் நாளை வகுத்தது ரோட்டண்டாவின் மணி. அதனை அரை நூற்றாண்டுக்கும் மேலாக அடித்தவர் ஹென்றி மார்ட்டின். தாம் 1826 ஜூலை 4 அன்று ஜெபர்சனின் மாண்டிசெல்லோ மாளிகையில் பிறந்ததாக அவரே கூறியுள்ளார். அது ஜெபர்சன் இறந்த நாள். அடிமையாகப் பிறந்த மார்ட்டின் போருக்கு முன்பே பல்கலைக்கழகத்தில் பணிக்கு வந்து, விடுதலைக்குப் பின்னும் அங்கேயே தொடர்ந்தார். 1915இல் மறைந்தார். விடியலில் எழுப்புவதும், வகுப்புக்கு அழைப்பதும், 1895 அக்டோபரில் ரோட்டண்டா தீப்பற்றியபோது ஊரைக் கூட்டியதும் அவர் மணியே.

மாணவர் அவரை ‘அங்கிள் ஹென்றி’ என்று அழைத்தனர். தமிழ் வாசகருக்கு இவ்வழைப்பு அன்பின் அடையாளமாகத் தோன்றலாம்; முதியவரை மாமா என்பது நம் வழக்கில் உறவு கொண்டாடுவது. தென்மாநில வழக்கில் அதன் பொருள் வேறு. ‘மிஸ்டர்’ என்ற மதிப்புச் சொல்லைக் கறுப்பினத்தவருக்குத் தர விரும்பாத வெள்ளையர், வயது முதிர்ந்தோரைச் சுட்ட ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’ என்னும் சொற்களைக் கையாண்டனர். அன்பும் இழிவும் ஒரே சொல்லில் கலந்திருந்தன. ஆண்டு மலர்களில் மார்ட்டினைப் பற்றி வந்த பரிவான குறிப்புகளை இந்தக் கலப்பை மனத்திற்கொண்டே படிக்க வேண்டும். வளாகத் தேவாலயத்தருகே அவர் பெயர் தாங்கிய கல் பதிக்கப்பட்டது 2012இல்தான்.

ஏப்ரல் 13

தம் கல்லறையில் மூன்றே செய்திகள் பொறிக்கப்பட வேண்டும் என்று ஜெபர்சன் எழுதிவைத்தார். விடுதலைச் சாற்றுரையின் ஆசிரியர், வர்ஜீனியாவின் சமய உரிமைச் சட்டத்தின் ஆசிரியர், வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தின் தந்தை. குடியரசுத் தலைவர் பதவியை அவர் அதில் சேர்க்கவில்லை. தந்தை என்று தன்னைத் தானே அழைத்துக்கொண்ட ஒருவரின் பிறந்தநாளைப் பிள்ளைகள் கொண்டாடுவதில் வியப்பில்லை. பல்கலைக்கழகத்தின் முதல் தலைவராக எட்வின் ஆல்டர்மன் பதவியேற்பு விழா நடந்ததும் 1905 ஏப்ரல் 13 அன்றே. அதற்கு முன் எண்பது ஆண்டுகள் அந்நிறுவனத்துக்குத் தலைவர் என்று ஒருவர் இல்லை. பேராசிரியர் அவையின் தலைமையிலேயே அது நடந்துவந்தது. புதிய பதவிக்கு முறைமை சேர்க்க நிறுவனரின் பிறந்தநாள் தேவைப்பட்டது போலும்.

இருபதாம் நூற்றாண்டில் அந்நாளின் சடங்குகள் உறுதிப்பட்டன. மாண்டிசெல்லோவில் கல்லறைக்கு மலர்வளையம்; வளாகத்தில் மரம் நடுதல்; 1966 முதல் கட்டடக்கலைக்கான ஜெபர்சன் பதக்கம். முதற் பதக்கம் பெற்றவர் ஜெர்மனியில் பிறந்த மீஸ் வான் டெர் ரோ. 1977 முதல் சட்டத்துக்கும் பதக்கம் அளிக்கப்பட்டது. இவையனைத்தும் டாக்வுட் மரங்கள் வெண்பூப் பூத்து நிற்கும் வாரத்தில் நடைபெறுவன. டாக்வுட் அம்மாநிலத்தின் மலர். வரலாற்று நினைவுக்குப் பருவத்தின் அழகு துணைசெய்வது எங்கும் உள்ளதுதான்.

அவ்விழாவில் நெடுங்காலம் பேசப்படாதது ஒன்று உண்டு. ஜெபர்சன் தம் வாழ்நாளில் உடைமையாகக் கொண்டிருந்த மனிதர் 600க்கும் மேற்பட்டோர். அவர் விட்டுச்சென்ற கடனை அடைக்க 1827 ஜனவரியில் மாண்டிசெல்லோவில் நடந்த ஏலத்தில் 130 பேர் விற்பனைக்கு வைக்கப்பட்டனர். தந்தையின் பிறந்தநாள் பல்கலைக்கழகத்துக்கு விழாவானது. அவர் இறந்தநாள் அக்குடும்பங்கள் சிதறியதன் தொடக்கம். இந்த இரட்டைக் கணக்கை நோக்காமல் ஏப்ரல் 13ஐ விளக்க இயலாது.

ஈஸ்டர்ஸ்

நிறுவனர் நாள் நிறுவனத்தின் விழா என்றால், மாணவர் தமக்கெனப் படைத்துக்கொண்ட இளவேனில் விழா ‘ஈஸ்டர்ஸ்’. கிறித்தவர்களின் நோன்புக்காலமான நாற்பது நாள்களில் நடனமாடுவது ஏற்புடையதன்று என்னும் எண்ணம் இருந்த சூழலில், உயிர்ப்புப் பெருநாளுக்குப் பின் நடன வாரம் தொடங்குவது இயல்பாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது ஆண்டின் பெருநிகழ்ச்சியாக வளர்ந்துவிட்டது. ‘ஜெர்மன்’ என்பது அன்று வழக்கிலிருந்த ஒருவகைக் குழு நடனத்தின் பெயர். அதனால் நடனம் நடத்திய மாணவர் சங்கங்கள் ‘ஜெர்மன் கிளப்’ எனப் பெயர்பெற்றன. ஜெர்மனி நாட்டோடு அவற்றுக்கு வேறு தொடர்பில்லை. 1893இல் கட்டப்பட்ட பேயர்வெதர் உடற்பயிற்சிக்கூடமும், பின் 1924இல் எழுந்த நினைவு உடற்பயிற்சிக்கூடமும் அந்நடனங்களுக்கு அரங்காயின.

ஆண்கள் மட்டுமே பயின்ற கல்லூரியில் நடனத்துக்குப் பெண்கள் வெளியிலிருந்து வரவேண்டும். ஸ்வீட் பிரையர், ஹாலின்ஸ், மேரி பால்ட்வின் போன்ற மகளிர் கல்லூரிகள் அம்மாநிலத்திலேயே இருந்தன. 1944 முதல் மேரி வாஷிங்டன் கல்லூரி இப்பல்கலைக்கழகத்தின் மகளிர் கல்லூரியாகவே இணைக்கப்பட்டிருந்தது. இளவேனில் வார இறுதிகளில் அங்கிருந்து பெண்கள் அழைப்பின்பேரில் வருவர், மூத்தோர் கண்காணிப்பில் தங்குவர், திங்கட்கிழமைக்குள் திரும்புவர். 1920 முதல் முதுநிலை, தொழிற்கல்விப் படிப்புகளில் பெண்கள் சேர்க்கப்பட்டனர் என்பது உண்மை. ஆயினும் இளநிலைக் கலைக்கல்லூரியின் மாணவருக்குப் பெண் என்பவள் விருந்தினர். சக மாணவி அல்லள். நடன வாரம் அந்த ஏற்பாட்டின் மிக அழகிய முகமாக விளங்கியது.

கறுப்பின மக்களோ விருந்தினராகவும் வர இயலவில்லை. அவர்கள் சமையலறையிலும் மேசைகளின் பின்னாலும் நின்றனர். தென்மாநில மாணவர் விருந்துகளில் பெரிதும் விரும்பப்பட்ட ஜாஸ், ரிதம் அண்ட் புளூஸ் இசை கறுப்பினக் கலைஞர்களுடையது. சேப்பல் ஹில் நகரைச் சேர்ந்த டக் கிளார்க்கின் குழு போன்ற கறுப்பினக் குழுக்கள், தம் இனத்தார் படிக்க முடியாத கல்லூரிகளின் மாணவர் விடுதிகளில் இரவெல்லாம் வாசித்துப் புகழ்பெற்றன. இசை உள்ளே வரலாம். இசைத்தவரின் பிள்ளை மாணவராக உள்ளே வர முடியாது. 1935இல் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்த ஆலிஸ் ஜாக்சன் என்னும் கறுப்பினப் பெண்ணைப் பல்கலைக்கழகம் மறுத்தது. அடுத்த ஆண்டே, கறுப்பின மாணவர் வெளிமாநிலம் சென்று படிக்கப் பணவுதவி வழங்கும் சட்டத்தை வர்ஜீனியா இயற்றியது. பிரிவினையைக் காக்க அரசு தன் கருவூலத்தைத் திறந்தது என்பதே அதன் பொருள். 1950இல் கூட்டரசு நீதிமன்றத்தின் ஆணை பெற்றுச் சட்டக் கல்லூரியில் சேர்ந்த கிரிகரி ஸ்வான்சன் முதல் கறுப்பின மாணவரானார். இளநிலையில் பட்டம் பெற்ற முதல் கறுப்பின மாணவர் ராபர்ட் பிளாண்ட், 1959இல், பொறியியலில். சட்டம் வகுப்பறையைத் திறந்தது. நடனங்களும் ‘பிரெட்டர்னிட்டி’ எனப்படும் மாணவர் கழகங்களும் தனியார் அமைப்புகள், அழைப்பிருந்தாலன்றி நுழைவில்லை. நீதிமன்ற ஆணை செல்லாத இடம் அது.

1970இல் நிலைமை மாறத் தொடங்கியது. பெண்கள் தொடுத்த வழக்கின் விளைவாக அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் 450 பெண்கள் கலைக்கல்லூரியில் மாணவியராகச் சேர்ந்தனர். அழைப்புக்குக் காத்திருந்த விருந்தினர் இனி அண்டை அறையில் வாழும் சக மாணவி. அழைப்பும் கண்காணிப்பும் சார்ந்த பழைய நடன வாரம் பொருளிழந்ததும், அதன் இடத்தை வேறொன்று பிடித்தது. மாணவர் கழக இல்லங்கள் நிறைந்த ரக்பி சாலையை ஒட்டிய மேடிசன் பவுல் என்னும் தாழ்ந்த திடலில் நீரைப் பாய்ச்சிச் சேறாக்கி, ஆயிரக்கணக்கானோர் அதில் சறுக்கியும் புரண்டும் குடித்தும் கொண்டாடினர். வெள்ளைக் கையுறையும் நீண்ட அங்கியும் அணிந்து தொடங்கிய விழா சேற்றில் வந்து நின்றது. வெளியூர்க் கூட்டம் பெருகியது. காயங்களும் சேதமும் பெருகின. 1982இல் பல்கலைக்கழக ஆட்சியர் ஈஸ்டர்ஸை நிறுத்தினர்.

மது அருந்தும் வயதை 21 ஆக உயர்த்த மாநிலங்களை நெருக்கிய கூட்டரசுச் சட்டம் 1984இல்தான் வந்தது. ஆகவே ஈஸ்டர்ஸின் முடிவுக்கு அச்சட்டத்தைக் காரணமாகக் கூறுவது பொருந்தாது. ஒரு மாத இதழ் அப்பல்கலைக்கழகத்தைக் குடிகாரப் பட்டியலில் சேர்க்க மறுத்தது, ‘தொழில்முறையாளரைத் தொடக்கநிலையாளரோடு ஒப்பிடக் கூடாது’ என்று காரணம் சொன்னது என்னும் கதை பழைய மாணவரிடையே உலவுகிறது. அதே கதையை வேறு பல கல்லூரிகளும் தத்தமக்குரியதாகச் சொல்லிக்கொள்வதால் அதனை நாட்டார் வழக்காறாகக் கொள்வதே தகும். சேறு போன பின்னும் இளவேனில் ஆடைகளின் கவர்ச்சி போகவில்லை. 1978இல் தொடங்கிய பாக்ஸ்பீல்டு குதிரைப் பந்தயத்துக்கு ஏப்ரல் இறுதியில் மாணவர் கழுத்துப்பட்டையும் மாணவியர் வண்ணக் கோடையுடையும் அணிந்து செல்வது புதிய மரபாயிற்று. குதிரைகளைப் பார்த்தவர் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி.

1970 மே

இக்கொண்டாட்ட வரிசையில் சேராத இளவேனில் ஒன்றும் உண்டு. 1970 மே 4 அன்று ஒஹையோ மாநிலத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் வியட்நாம் போரை எதிர்த்த கூட்டத்தின்மீது தேசியக் காவற்படை சுட்டதில் நால்வர் இறந்தனர். பழமைப் பிடிப்புக்குப் பெயர்பெற்ற வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்திலும் வகுப்புப் புறக்கணிப்பு தொடங்கியது. மே 6 அன்று வழக்கறிஞர் வில்லியம் கன்ஸ்ட்லரும் கிளர்ச்சியாளர் ஜெரி ரூபினும் பெருங்கூட்டத்தில் பேசினர். மே 8 இரவு, போரை எதிர்ப்போர் ஒலிப்பானை அழுத்துமாறு சாலையில் செல்லும் வண்டிகளைக் கேட்டு நின்றோரைக் காவல்துறை விரட்டிப் பிடித்தது. வளாகத்துள் ஓடியவரையும் வேடிக்கை பார்த்தவரையும் சேர்த்துக் கைதானோர் 68 பேர். அவர்களை ஏற்றிச் செல்ல வீட்டுப்பொருள் இடம்பெயர்க்கும் நிறுவனத்தின் பெருவண்டி ஒன்று பயன்பட்டது. இரு நாள் கழித்துத் தலைவர் எட்கர் ஷானன் புல்வெளியில் ஆயிரக்கணக்கான மாணவர் முன் நின்று போரைக் கண்டித்துப் பேசினார். மாநிலத்தில் பலர் அவரை விலக்கக் கோரினர். அவர் 1974வரை பதவியில் நீடித்தார்.

அதே மாத நடுவில் மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில், கறுப்பின மாணவர் பயின்ற கல்லூரியில் காவல்துறை சுட்டு இருவர் மாண்டனர். கென்ட் நினைவுகூரப்பட்ட அளவுக்கு ஜாக்சன் நினைவுகூரப்படவில்லை. தென்மாநில இளவேனிலை எழுதும்போது இந்த ஏற்றத்தாழ்வையும் பதிவு செய்யாமல் விட முடியாது.

தோட்டங்கள்

பேராசிரியர் இல்லங்களின் பின்னுள்ள தோட்டங்கள் இன்று ஏப்ரலில் காண்போரைக் கவர்கின்றன. வர்ஜீனியாத் தோட்டக் கழகம் 1929 முதல் நடத்திவரும் வரலாற்றுத் தோட்ட வாரத்தின் வருவாயைக் கொண்டு அவை சீரமைக்கப்பட்டன. மேற்கு வரிசைத் தோட்டங்கள் 1952இல் நிறைவுற்றன. கிழக்கு வரிசை அடுத்த பத்தாண்டுகளில். ஆல்டன் ஹாப்கின்ஸ் வடிவமைத்த நடைபாதைகள், பூப்பாத்திகள், பழமரங்கள் எல்லாம் ஜெபர்சன் காலத்தவை போலத் தோன்றும். ஆனால் அக்காலத்தில் அவ்விடங்கள் பெரும்பாலும் வேலை முற்றங்கள். சமையற்கூடம், இறைச்சிக்குப் புகையிடும் கொட்டில், சலவைக்களம், விறகுக் குவியல், கழிப்பிடம், கோழிக்கூடு ஆகியன இருந்தன. அடிமைப்படுத்தப்பட்ட குடும்பங்கள் அங்கே நிலவறைகளிலும் சிறுகட்டடங்களிலும் வாழ்ந்தன. மாணவர் உலவிய புல்வெளியின் கண்ணில் படாதவாறு அவ்வுழைப்பை மறைப்பதும் நெளிசுவர்களின் பயன்களுள் ஒன்று.

சீரமைப்பாளர் தீய நோக்கோடு செயல்பட்டனர் என்று கூற இடமில்லை. அவர்களுக்குக் கிடைத்த ஜெபர்சனின் வரைபடத்தில் சுவர்கள் இருந்தன. முற்றத்தில் உழைத்தோர் இல்லை. வெற்றிடம் என்று தோன்றியதில் பூக்களை நட்டனர். பின்வந்த அகழாய்வும் ஆவண ஆய்வும் அந்த வெற்றிடம் எவ்வளவு நெரிசலாக இருந்தது என்பதைக் காட்டின.

மார்ச் 3

1860ஆம் ஆண்டின் மக்கட்கணக்குப்படி சார்லட்ஸ்வில்லை உள்ளடக்கிய ஆல்பெமார்ல் வட்டத்தில் அடிமைகள் 13,916 பேர். வெள்ளையர் 12,103 பேர். விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் 606 பேர். அடிமைகளே பெரும்பான்மையினர். 1865 மார்ச் 3 அன்று ஷெரிடன் தலைமையிலான ஒன்றியக் குதிரைப்படை, கஸ்டரின் பிரிவை முன்னணியாகக் கொண்டு, நகருக்குள் வந்தது. பேராசிரியர்கள் சாக்ரட்டீஸ் மாப்பின், ஜான் மைனர் ஆகியோரும் ஆட்சிக்குழுவைச் சேர்ந்தவரும் வெள்ளைக்கொடி ஏந்தி வளாக எல்லையில் எதிர்கொண்டு, கல்விக்கூடத்தைக் காக்குமாறு வேண்டினர். காவல் நிறுத்தப்பட்டது. முந்தைய ஆண்டு ஜூனில் வர்ஜீனியாப் படைத்துறைக் கல்லூரி எரிக்கப்பட்டிருந்தது. அடுத்த மாதம் அலபாமாப் பல்கலைக்கழகம் எரிந்தது. வர்ஜீனியாப் பல்கலைக்கழகம் தப்பியது. நெடுங்காலம் நிறுவன வரலாறுகள் மார்ச் 3ஐச் சொன்னவிதம் இதுதான்: கட்டடங்கள் காக்கப்பட்ட நாள். அக்கட்டடங்களைக் கூட்டிப் பெருக்கியோருக்கு அது என்ன நாள் என்னும் கேள்வி எழவில்லை.

கேள்வி எழாததற்குக் காரணம் நினைவின்மை அன்று. நினைவு வேறு வழியில் சுறுசுறுப்பாகவே இயங்கியது. பல்கலைக்கழக இடுகாட்டில் தென்னணிப் போர்வீரருக்கு 1893இல் சிலை எழுந்தது. படிப்பை விட்டுத் தென்னணிக்காகப் போரிட்டு மாண்ட மாணவரின் பெயர்கள் செப்புப் பட்டயங்களில் பொறிக்கப்பட்டு ரோட்டண்டாவின் சுவரில் இடம்பெற்றன. 2017 செப்டம்பரில்தான் அவை அகற்றப்பட்டன. அதற்கு முந்தைய மாதம் வெள்ளை இனவெறியர் தீப்பந்தங்களோடு அதே ரோட்டண்டாவின் படிகளைக் கடந்து ஜெபர்சன் சிலையைச் சூழ்ந்தனர் என்பது உலகறிந்த செய்தி.

அடிமைப்படுத்தப்பட்ட உழைப்பாளருக்கு நினைவகம் வேண்டும் என்னும் முயற்சி அதற்கு முன்பே, 2010இல், மாணவரிடமிருந்து தொடங்கியது. இங்கு ஒன்று கருதத்தக்கது. நிறுவனர் நாளுக்கு வடிவம் தந்தது நிர்வாகம். ஈஸ்டர்ஸுக்கு வடிவம் தந்தது வெள்ளை ஆண் மாணவர் சங்கங்கள். நினைவகத்துக்கு வித்திட்டது 1950க்கும் 1970க்கும் பிறகு மாறிய மாணவர் சமூகம். யார் சேர்க்கப்படுகின்றனர் என்பது மாறியபின், எந்த நாள் நினைக்கப்படுகிறது என்பதும் மாறியது. இடையில் அறுபது ஆண்டுகள் சென்றன.

2020இல் கட்டி முடிக்கப்பட்டு 2021 ஏப்ரலில் அர்ப்பணிக்கப்பட்ட அந்நினைவகம் ரோட்டண்டாவுக்குக் கிழக்கே புல்சரிவில் அமைந்துள்ளது. ‘வர்ஜீனியா மிஸ்ட்’ என்னும் உள்ளூர்க் கருங்கல்லால் ஆன திறந்த வட்டம். அதன் விட்டம் 80 அடி, ரோட்டண்டாவின் அளவை ஒத்தது. உட்சுவரில் ஏறத்தாழ 4,000 கோடுகள் கல்லில் கீறப்பட்டுள்ளன. அவற்றுள் ஆய்வில் பெயர் தெரியவந்த 578 பேரின் பெயர்கள் கோட்டின்மேல் பொறிக்கப்பட்டன. மேலும் 311 பேர் தொழிலாலோ உறவாலோ மட்டும் அறியப்பட்டனர். அவர்களுக்கு ‘தாய்’, ‘மகள்’, ‘கல்தச்சர்’ போன்ற சொற்கள். எஞ்சியவை வெறுங்கோடுகள். பெயர் கிடைக்குந்தோறும் பொறிக்க இடம் விட்டிருக்கிறது. வெளிச்சுவரில் இசபெல்லா கிப்பன்ஸ் என்னும் பெண்ணின் கண்கள் மென்கீறலாகச் செதுக்கப்பட்டுள்ளன. பேராசிரியர் வீட்டில் அடிமையாக இருந்து, விடுதலைக்குப் பின் கறுப்பினக் குழந்தைகளுக்கு ஆசிரியராகப் பணிபுரிந்தவர் அவர். ஒளி சாய்வாக விழும் வேளையில்தான் அக்கண்கள் புலப்படும்.

நகரமன்றம் 2019 ஜூலையில் ஏப்ரல் 13ஐ நகர விடுமுறைப் பட்டியலிலிருந்து நீக்கி, மார்ச் 3ஐ ‘விடுதலை மற்றும் உரிமை நாள்’ என்று விடுமுறையாக ஏற்றது. நிறுவனரின் சொந்த ஊரே அவரை மறுத்துவிட்டது என்று சிலர் வருந்தினர். தம் முன்னோர் விடுதலை பெற்ற நாளுக்கு முதன்முறையாக அலுவலகங்கள் மூடப்படுவதை வேறு சிலர் கண்டனர். பல்கலைக்கழகம் ஏப்ரல் 13ஐக் கைவிடவில்லை. நிறுவனர் நாளில் பதக்கங்கள் இன்றும் வழங்கப்படுகின்றன, மரம் நடப்படுகிறது.

நினைவகத்தின் வட்டத்திலிருந்து இரண்டு பாதைகள் செல்கின்றன. ஒன்று வடமீனை நோக்கியது. இருளில் தப்பியோடிய அடிமைகளுக்கு வழிகாட்டிய மீன் அது. மற்றொன்று, மார்ச் 3 அன்று கதிரவன் மறையும் திசைக்கு நேராக அமைக்கப்பட்டுள்ளது. அன்று மாலை அப்பாதையில் நிற்போரின் முகத்தில் வெயில் நேரே விழுகிறது.